உறுத்தாத கண்ணும் அதனை அளக்கும் கருவியும்



கண்ணில் தூசி விழுந்து துன்புறாதவர் நம்மில் எவரும் இரார். பெங்களூர் நகரத்துச் சாலையோரத்தில் நடந்து செல்கிறோம். ஒரு சிறு மணல் துகள் இமைக்குள் புகுந்துவிடுகிறது. உடனே நடை நிற்கிறது, பேச்சு நிற்கிறது, கை தானாகக் கண்ணை நோக்கிச் செல்கிறது, கண்ணீர் பெருகுகிறது. காலில் பட்டிருந்தால் அத்துகள் பட்டதே தெரிந்திராது. கண்ணில் பட்டதும் அது மலையாகிவிடுகிறது. அந்த வேளையில் உறுத்தலை நாம் சபிக்கிறோம். உண்மையில் அதனை வாழ்த்த வேண்டும். உறுத்தல் இல்லாத கண்ணுக்கு நேரும் கேடு யாது? கண்ணின் அந்த உணர்வை எவ்வாறு அளக்கிறார்கள்? அதனை அளக்கப் புதிய கருவி ஒன்று வரும்போது அதனை எப்படிச் சோதித்து ஏற்க வேண்டும்? இம்மூன்று வினாக்களே இன்றைய உரையின் பொருள். தாய்மொழி வழங்காத ஊரில் வாழும் தமிழருக்கு இப்பொருளில் தனி அக்கறை ஒன்று உண்டு. அஃது என்ன என்பது உரையின் பிற்பகுதியில் விளங்கும்.

முதலில் கண்ணின் அமைப்பைச் சற்றுப் பார்ப்போம். கண்ணின் முன்புறத்தில், கைக்கடிகாரத்தின் கண்ணாடியைப் போல வளைந்து நிற்கும் தெளிந்த தகடு ஒன்று உண்டு. மருத்துவர் அதனைக் கார்னியா என்பர். நாம் அதனைக் கருவிழிப் படலம் என்று வழங்குவோம். நடுவிடத்தில் அதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். ஒளி தடையின்றிப் புக வேண்டும் என்பதற்காக அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆனால் நரம்புகளுக்குக் குறைவில்லை. முகத்தின் உணர்வுகளை மூளைக்குக் கொண்டுசெல்லும் முக்கிளை நரம்பின் முதற்கிளையிலிருந்து மெல்லிய இழைகள் பிரிந்து, இப்படலத்தின் மேற்பரப்பிற்குச் சற்றுக் கீழே வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. தோலில் உள்ளதைவிடச் சில நூறு மடங்கு நெருக்கமாக இங்கே நரம்பு முனைகள் அமைந்துள்ளன என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்நரம்புகளுக்கு மூன்று பணிகள் உண்டு. ஒன்று, அந்நியப் பொருள் பட்டவுடன் இமையை மூடச் செய்வது. கண்ணை இமை காப்பதுபோல என்று நாம் வழக்கில் சொல்கிறோம். இமை காவற்காரன் என்றால், அக்காவற்காரனை எழுப்பும் மணி கருவிழிப் படலத்தில் இருக்கிறது. இரண்டாவது பணி கண்ணீர்ச் சுரப்பு. கண்ணின் மேல் பரவியுள்ள நீர்ப்படலம் காற்றில் உலரும்போது அவ்விடம் சிறிது குளிர்கிறது. அக்குளிர்ச்சியை அறியும் நரம்பு முனைகள் செய்தி அனுப்ப, புதுநீர் ஊறுகிறது. நாம் அறியாமலே நாள் முழுவதும் இது நடைபெறுகிறது. மூன்றாவது பணி ஊட்டம். நரம்பு முனைகளிலிருந்து கசியும் சில பொருள்களே படலத்தின் மேலடுக்கு உயிரணுக்களை வாழவைக்கின்றன. நரம்பு பட்டுப்போனால் மேலடுக்கும் தேய்ந்து உதிரத் தொடங்குகிறது.

பிரெஞ்சு உடலியல் அறிஞர் மழாந்தி என்பவர் 1824-ஆம் ஆண்டிலேயே இதற்குச் சான்று காட்டினார். விலங்குகளின் முக்கிளை நரம்பை அவர் துண்டித்தபோது, கண்ணில் வேறெந்தக் காயமும் செய்யாதிருந்தும், கருவிழிப் படலம் மங்கிப் புண்ணாயிற்று. உணர்வை இழந்த கண் தன்னைக் காத்துக்கொள்ளும் ஆற்றலையும் இழந்துவிடுகிறது என்பது அன்று முதல் மருத்துவ உலகிற்குத் தெரிந்த உண்மை.

இவ்வுண்மையின் துயரமான வடிவத்தை நம் தமிழ்நாடு நெருக்கமாகக் கண்டிருக்கிறது. 1946-ஆம் ஆண்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளரிடையே பணியாற்றினார். தொழுநோயால் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்றே அக்காலத்தில் பலர் நம்பினர். நரம்பு மரத்துப்போனதால் நோயாளி சூடும் கீறலும் அறியாமல் தன் கையைத் தானே புண்ணாக்கிக்கொள்கிறார் என்பதை அவர் நிலைநாட்டினார். கண்ணுக்கும் இதுவே நேர்ந்தது. அவருடைய துணைவியார் மார்கரெட் பிராண்ட் கண் மருத்துவர். தொழுநோயாளரின் கண்களைக் காப்பதில் அவர் தனிப் புலமை பெற்றார். கருவிழியில் உணர்வு இல்லாத நோயாளிக்கு இமைக்க வேண்டும் என்ற நினைவே எழுவதில்லை. கண் உலர்கிறது, தூசி கீறுகிறது, புண் ஆழமாகிறது, நோயாளியோ ஒன்றும் வலிக்கவில்லை என்கிறார். இமைகளும் செயலிழந்த சிலருக்கு, மெல்லுவதற்குப் பயன்படும் பொட்டுத் தசையின் ஒரு பகுதியை இமையோடு இணைக்கும் அறுவை வேலூரில் செய்யப்பட்டது. பல்லைக் கடித்தால் இமை மூடும். மனத்தில் எண்ணி எண்ணிக் கண்ணை மூட வேண்டிய நிலையிலிருந்த மனிதரை நினைத்துப் பார்த்தால், நாம் தன்னறிவின்றி இமைப்பது எத்துணைப் பெரும் பேறு என்பது புலனாகும்.

தொழுநோயை இன்று மருந்தால் குணப்படுத்த முடிகிறது. ஆனால் கருவிழி மரத்துப்போவதற்கு வேறு காரணங்கள் பல உள்ளன. நெற்றியிலும் மூக்கின் மீதும் வரும் அக்கி அவற்றுள் ஒன்று. கண்ணைத் தாக்கும் மற்றோர் ஹெர்ப்பிஸ் கிருமி இன்னொன்று. நீரிழிவு நோய் காலின் நரம்புகளை மந்தமாக்குவதை அறிவோம். அது கருவிழியின் நரம்புகளையும் விட்டுவைப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் கண்ணுக்குள் அணியும் கான்டாக்ட் லென்சும் உணர்வைக் குறைக்கக் கூடும். மூக்குக்கண்ணாடியை விட்டொழிக்க லேசர் சிகிச்சை செய்துகொள்ளும் இளைஞர் பலர். அதில் படலத்தின் மேற்பகுதியை மடலாக அறுத்துத் தூக்கும்போது நரம்பிழைகளும் அறுபடுகின்றன. உணர்வு மீண்டு வரச் சில திங்கள் முதல் ஓராண்டு வரை ஆகலாம்.

கருவிழி மாற்று அறுவையும் இவ்வரிசையில் சேர்வதே. பெங்களூர் மக்கள் கண்தானத்தில் ஈடுபாடு மிக்கவர்கள். கன்னடத் திரையுலகின் பெருங்கலைஞர் ராஜ்குமார் 2006-ஆம் ஆண்டு மறைந்தபோது அவருடைய கண்கள் தானமாக வழங்கப்பட்டன. அவருடைய புதல்வர் புனீத் ராஜ்குமார் 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் மறைந்தபோது, அவருடைய இரு கருவிழிகளையும் முன்னடுக்கு, பின்னடுக்கு என்று பிரித்து, நாராயண நேத்ராலயா மருத்துவர்கள் நால்வருக்குப் பார்வை அளித்தனர். இத்தகைய கொடை ஒளியைக் கொண்டுவருகிறது, உணர்வைக் கொண்டுவருவதில்லை. முன்னடுக்கோ முழுப் படலமோ மாற்றப்பட்டால், பெறுபவரின் நரம்புகள் அப்புதிய படலத்துக்குள் மெல்ல மெல்ல வளர வேண்டும். அதற்கு ஆண்டுகள் ஆகலாம். முழுமையாக மீளாமலும் போகலாம். அதுவரை அக்கண்ணில் கீறலோ புண்ணோ தோன்றினாலும் உடையவருக்குத் தாமதமாகவே தெரியவரும்.

ஆகவே, மருத்துவர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கண்ணில் உணர்வு எவ்வளவு இருக்கிறது? குறைந்துகொண்டு வருகிறதா? மீண்டுகொண்டு வருகிறதா? நரம்பிழைகளைப் படமெடுத்துக் காட்டும் நுண்ணோக்கிகள் இன்று உண்டு. நாராயண நேத்ராலயாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உலர்விழி உடையோரின் கருவிழி நரம்பமைப்புக்கும், அங்குள்ள நோயெதிர்ப்பு உயிரணுக்களுக்கும், குருதியிலுள்ள வைட்டமின் டி அளவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தனர். ஆனால் கம்பி இருப்பதைப் பார்ப்பது வேறு; அதில் மின்சாரம் ஓடுகிறதா என்று அறிவது வேறு. நரம்பின் செயலை அறிய வேண்டுமாயின் கண்ணைத் தொட்டுத்தான் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்பதற்கு எளிய வழி பஞ்சுத்திரி. நுனியை முறுக்கிக் கூராக்கிய பஞ்சினால் கருவிழியைப் பக்கவாட்டிலிருந்து மெல்லத் தொட்டால் இமை சட்டென்று மூடும். மூடாவிடில் உணர்வு இல்லை என்று கொள்வர். இன்றும் பல மருத்துவமனைகளில் இதுவே வழக்கம். உணர்வு உண்டா, இல்லையா என்பதை இது சொல்லும். எவ்வளவு என்பதைச் சொல்லாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மாக்ஸ் ஃபான் ஃபிரை என்ற ஜெர்மானிய அறிஞர், வெவ்வேறு விறைப்புள்ள மயிர்களைச் சிறு கோல்களில் பொருத்தி, எந்த மயிர் பட்டால் உணர்வு எழுகிறது என்று பார்த்தார். அளத்தல் என்பது அதிலிருந்தே தொடங்குகிறது.

1960-ஆம் ஆண்டில் கோஷே, பொன்னே என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர் வெளியிட்ட கருவி இம்முறையைச் செம்மை செய்தது. பேனாப் போன்ற பிடியில் மெல்லிய நைலான் இழை ஒன்று இருக்கும். அதனை 60 மில்லிமீட்டர் நீளம் வரை வெளியே நீட்டலாம். நீண்ட இழை எளிதில் வளையும். ஆதலால் கண்ணின் மீது அதன் அழுத்தம் குறைவு. இழையைச் சிறிது சிறிதாக உள்ளிழுத்துக் குறுக்கினால் விறைப்பு ஏறும், அழுத்தமும் ஏறும். எந்த நீளத்தில் நோயாளி முதன்முதலாக உணர்கிறாரோ அதுவே அளவு. 60-இல் உணர்பவருக்கு உணர்வு மிகுதி. 10-இலும் உணராதவருக்குக் கண் மரத்திருக்கிறது என்று பொருள். இக்கருவி உலகெங்கும் பரவி, இன்றளவும் உரைகல்லாக விளங்குகிறது.

இதற்கும் குறைகள் உண்டு. நலமான கண்கள் பல, 60 மில்லிமீட்டரிலேயே உணர்ந்துவிடுகின்றன. அதனினும் மெல்லிய தொடுகையை அளக்க அதனிடம் இழை இல்லை. புளி நிறுக்கும் தராசில் பொன் நிறுக்க இயலாதன்றோ? இழை நெருங்குவதைக் கண்ட நோயாளி படுமுன்னரே இமைத்துவிடுகிறார். புண்பட்ட கண்ணில் இழையே கீறலை உண்டாக்கவும் கூடும். மேலும் நைலான் ஈரத்தை உறிஞ்சித் தளரும் இயல்புடையது. கடற்கரைச் சென்னையின் ஈரக் காற்றில் இருக்கும் விறைப்பு, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரின் காய்ந்த மாசித் திங்களில் அவ்வாறே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இக்குறைகளைக் களையவே தொடாமல் தொடும் கருவிகள் தோன்றின. இங்கே விரல் காற்று. சில மில்லிமீட்டர் தொலைவிலிருந்து அளவிட்ட காற்றுத் தாரையைக் கருவிழியின்மீது ஒரு கணம் செலுத்துவர். ஸ்பெயின் நாட்டு அறிஞர் கார்லோஸ் பெல்மொன்தேயும் அவருடைய குழுவினரும் 1999-இல் வெளியிட்ட கருவியில் காற்றோடு கரியமில வாயுவைக் கலக்க முடிந்தது. அவ்வாயு கண்ணீரில் கரைந்து இலேசான அமிலமாவதால், தொடுவதை அறியும் நரம்பையும் எரிச்சலை அறியும் நரம்பையும் தனித்தனியே வினவ முடிந்தது. சுவிட்சர்லாந்தில் காற்றுக்குப் பதிலாக, உப்புநீரின் நுண்ணிய துளிகளைப் பீச்சும் கருவி ஒன்றைச் செய்து ஆராய்ந்து வருகிறார்கள். கண் மருத்துவரின் விளக்கு நுண்ணோக்கியிலேயே பொருத்திக்கொள்ளும் சிறு காற்றுக் கருவிகளும் வந்துள்ளன.

நேயர்களே, புதியது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. கண்ணின் உணர்வை அளக்கும் புதுக்கருவி மருத்துவமனைக்கு வந்தால் அதனிடம் நான்கு வினாக்களைக் கேட்க வேண்டும்.

முதல் வினா: நீ சொல்லும் அளவு மெய்யா? குறிப்பிட்ட அழுத்தம் என்று முகப்பில் எழுதியிருந்தால் கண்ணைச் சேரும்போதும் அவ்வழுத்தம் இருக்க வேண்டும். தொலைவு சிறிது மாறினாலும் அளவு மாறிவிடும். காற்றின் வெப்பமும் முக்கியம். கருவிழியின் மேற்பரப்பு ஏறத்தாழ 34 பாகை வெப்பத்தில் இருக்கிறது. அறைக் காற்றை அப்படியே செலுத்தினால், நோயாளி உணர்வது அழுத்தத்தையா, குளிர்ச்சியையா என்பது விளங்காது.

இரண்டாம் வினா: இன்று சொன்னதை நாளையும் சொல்வாயா? ஒரே கண்ணை ஒரே மருத்துவர் மறுமுறை அளந்தாலும், வேறு மருத்துவர் அளந்தாலும் விடை ஏறத்தாழ ஒன்றாக வர வேண்டும். இதிலும் கண்ணின் இயல்பை மறத்தல் ஆகாது. மிலோடோ என்ற ஆய்வாளர் 1972-இல் காட்டியபடி, துயிலெழுந்த வேளையில் கருவிழியின் உணர்வு குறைந்தும், மாலையில் மிகுந்தும் இருக்கிறது. நடுவிடம் கூரியது, ஓரம் மந்தமானது. வயது ஏற ஏற உணர்வு குறைகிறது. ஆகவே வேளை, இடம், வயது ஆகியவற்றைக் குறித்துக்கொண்டே ஒப்பிட வேண்டும்.

மூன்றாம் வினா: நலமான கண்ணையும் நோயுற்ற கண்ணையும் வேறு பிரித்துக் காட்டுவாயா? அக்கி வந்த கண், மாற்றுக் கருவிழி பெற்ற கண், நீரிழிவு உடையோர் கண் ஆகியவற்றை நலமான கண்களோடு வைத்து அளந்தால் வேறுபாடு தெளிவாகத் தெரிய வேண்டும்.

நான்காம் வினா: பழைய கருவியோடு நீ ஒத்துப்போகிறாயா? இரண்டு கருவிகளின் அளவுகளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவது மட்டும் போதாது. எப்போதும் பத்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரமும் சரியான கடிகாரத்தோடு சேர்ந்தே ஓடுகிறது. அதனை நம்பி இரயிலுக்குச் செல்ல முடியுமா? பிளாண்ட், ஆல்ட்மன் என்னும் இங்கிலாந்துப் புள்ளியியல் அறிஞர்கள் 1986-இல் இதனைத் தெளிவுபடுத்தி, இரு கருவிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டையே நேராகக் கணக்கிடும் முறையை வகுத்தனர். இன்று கருவிச் சோதனைகளில் அம்முறை பெரிதும் கையாளப்படுகிறது.

இந்நான்கு வினாக்களுக்கும் விடை வெளிநாட்டில் கிடைத்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. அதே மிலோடோ 1975-இல் வெளியிட்ட ஆய்வில், நீலவிழியினரின் கருவிழி பழுப்புவிழியினருடையதைவிட உணர்வு மிக்கதாகக் காணப்பட்டது. நம்மவர் விழிகள் பெரும்பாலும் கரும்பழுப்பு. ஐரோப்பியக் கண்களை வைத்து வகுத்த இயல்பளவை நம் கண்ணுக்கு அப்படியே பொருத்தினால், நலமாய் இருப்பவரை நோயாளி என்று சொல்ல நேரிடலாம். நமது தட்பவெப்பத்தில், நம் மக்களின் கண்களில், நம் ஊரின் தூசிக்கும் வெயிலுக்கும் நடுவே அளந்து பார்த்தே நமக்குரிய இயல்பளவை வகுக்க வேண்டும். பெங்களூர் போன்ற நகரத்தில் இச்சோதனைகள் நடைபெறுவதன் பயன் இதுவே.

இனி, தமிழர்க்குரிய தனி அக்கறை என்று முதலில் குறித்ததற்கு வருவோம். குருதியழுத்தம் அளக்கும் கருவிக்கு நம் பேச்சு வேண்டியதில்லை. கையை நீட்டினால் போதும். உணர்வு அளக்கும் கருவி அத்தகையது அன்று. காற்றைச் செலுத்துவது கருவி. பட்டதா, படவில்லையா என்று சொல்வது நோயாளி. அந்தச் சொல்லே அளவு. ஆகவே இக்கருவியின் ஒரு பாதி உலோகம். மறுபாதி நமது நாக்கு. நாக்குக்குரிய மொழி பிறழ்ந்தால் அளவும் பிறழும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். கண் மருத்துவமனையில் தமிழரைப் பார்த்துத் “தெரிகிறதா?” என்று கேட்டால், எழுத்துத் தெரிகிறதா என்றே அவர் பொருள் கொள்வார். “வலிக்கிறதா?” என்று கேட்டால் இல்லை என்பார், மெல்லிய காற்று வலியைத் தருவதில்லை. “கண்ணில் ஏதேனும் பட்டதுபோல் இருக்கிறதா?” என்று கேட்டால்தான் சரியான விடை வரும். மேலும் கண்ணின் துன்பத்திற்குத் தமிழில் எத்தனை சொற்கள்! மணல் விழுந்தால் உறுத்துகிறது, சவர்க்காரம் பட்டால் கரிக்கிறது, புகை பட்டால் எரிகிறது, வெயிலைக் கண்டால் கூசுகிறது, ஒவ்வாமையால் அரிக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு துன்பத்தைக் குறிப்பது. இவற்றையெல்லாம் அயல்மொழியில் ஒரே சொல்லால் கூற முற்படும்போது பாதி பொருள் உதிர்ந்துவிடுகிறது. கன்னடத்தில் கண் எரிவதை உரி என்பர். நமக்கோ உரி என்றால் தோலை உரிப்பது. மும்பையில் அதனையே ஜலன் என்பர். அடுப்படியிலும் ஆலையிலும் உழைத்துவிட்டு வரும் நம்மவர், இச்சொற்களுக்கு முன் தயங்கித் தலையசைத்துவிடுகிறார்கள்.

தலையசைப்பதிலும் ஓர் இடர் உண்டு. மருத்துவர் கேட்கிறாரே, இல்லை என்று சொன்னால் என்ன நினைப்பாரோ என்று மரியாதை கருதி “ஆம், ஆம்” என்று சொல்வது நம்மவர் இயல்பு. இதனை அறிந்தே ஆய்வாளர்கள் சோதனையின் நடுவே சில முறை காற்றைச் செலுத்தாமலே கேட்பார்கள். கருவியின் ஒலி மட்டும் வரும், காற்று வராது. அப்போதும் ஆம் என்று சொன்னால் விடைகளை அப்படியே கொள்ள முடியாது என்று அறிவார்கள். இது நம்மை ஏமாற்றுவதற்கு அன்று, அளவைக் காப்பதற்கே. ஒருவர் செலுத்திய காற்றைப் பாதி முறை உணர்ந்து, பாதி முறை உணராதிருக்கும் அளவையே பெரும்பாலும் அவருடைய எல்லை என்று கொள்வர். ஆதலால் பல முறை இல்லை என்று சொல்வது சோதனையின் இயல்பு. அதில் தோல்வியும் இல்லை. நாணுதற்கும் ஒன்றும் இல்லை.

இத்தகைய சோதனையில் பங்குகொள்ள அழைப்பு வந்தால் நம் உரிமைகள் யாவை? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஆய்வைப் பற்றிய செய்திகளைப் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் சொல்லி, அதன்பின்னரே இசைவு பெற வேண்டும். படிக்கத் தெரியாதவராயின் நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். இடையில் விலகிக்கொள்ள விரும்பினால் விலகலாம். அதனால் அவருக்கு உரிய வழக்கமான சிகிச்சைக்குக் குறைவு வரக் கூடாது. ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் மருத்துவ உதவி பெறும் உரிமையும் உண்டு. 2007-ஆம் ஆண்டு முதல் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு என்ற ஒன்று இயங்கி வருகிறது. எந்தச் சோதனை எங்கே நடைபெறுகிறது என்பதைப் பொதுமக்கள் யாவரும் அதில் பார்க்கலாம். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள தாளில் புரியாமல் கையொப்பமிட வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. “தமிழில் சொல்லுங்கள்” என்று கேட்பது அகந்தை அன்று. அளவு சரியாக வருவதற்கு அதுவும் ஒரு துணை.

அளந்து ஆவதென்ன என்ற ஐயமும் எழலாம். முன்பெல்லாம் மரத்துப்போன கண்ணுக்கு உயவுச் சொட்டு மருந்தும், இமைகளைத் தைத்து மூடுவதுமே பெரும்பாலும் கதியாக இருந்தன. நரம்பை வளர்க்கும் பொருளைக் கண்டறிந்ததற்காக ரீட்டா லெவி-மொந்தால்சினியும் ஸ்டான்லி கோஹனும் 1986-இல் நோபல் பரிசு பெற்றனர். அப்பொருளைக் கொண்டு செய்த கண் சொட்டு மருந்து 2017-இல் ஐரோப்பாவிலும் 2018-இல் அமெரிக்காவிலும் இசைவு பெற்றது. மருந்து பிறந்துவிட்ட பின், யாருக்கு அது வேண்டும், கொடுத்தபின் உணர்வு மீள்கிறதா என்று அறிய நல்ல அளவுகோல் இன்றியமையாததாகிறது.

முடிவாக, அன்றாட வாழ்வுக்கு உதவும் சில செய்திகள். பீண்யா போன்ற தொழிற்பேட்டைகளில் பற்றவைக்கும் பணியும் கடைசல் பணியும் செய்யும் நம் தோழர்களுக்கு ஒன்று. இரும்புத் துகளோ பற்றவைக்கும் ஒளியோ கண்ணைத் தாக்கினால், மரப்பு மருந்தைக் கடையில் வாங்கி ஊற்றிக்கொண்டு வேலைக்குத் திரும்பாதீர்கள். 1884-இல் வியன்னா நகரத்துக் கார்ல் கோலர் கோக்கைன் கரைசலால் கண்ணை மரக்கச் செய்யலாம் என்று கண்டறிந்தது அறுவை மருத்துவத்திற்குப் பெருங்கொடை. ஆனால் மரப்பு மருந்து மருத்துவர் கையில் சில நிமிடங்களுக்கு மட்டுமே உரியது. நாள்தோறும் ஊற்றினால் கருவிழியையே அழித்துவிடும். நீரிழிவு உடையவர்களும், நெற்றியில் அக்கி வந்து தேறியவர்களும், மாற்றுக் கருவிழி பெற்றவர்களும், கண் சிவந்தோ மங்கியோ இருக்க வலி மட்டும் இல்லையென்றால் நிம்மதி கொள்ள வேண்டா. அதுவே விரைந்து மருத்துவரிடம் செல்ல வேண்டிய அறிகுறி. அங்கே சென்றதும், கண்ணில் உணர்வு இருக்கிறதா என்று பார்க்கும்படி நீங்களே கேட்கலாம். மரப்பு மருந்து ஊற்றுவதற்கு முன் அதனைப் பார்க்க வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வலியில்லாமை எப்போதும் நலமாகாது. தூசி விழுந்ததும் துடிக்கும் கண் நல்ல கண். அந்தத் துடிப்பை இழந்தவர்க்காகப் பேசுவதற்கே இக்கருவிகள் வருகின்றன. அவை நம்மிடம் வினவும்போது, அச்சமும் தயக்கமும் இன்றி, நமக்குத் தெரிந்த மொழியில், உள்ளது உள்ளபடி விடை கூறுவோமாக.